மேடையில் ஒட்டிய ஊர்

“வில்லெம், இது எந்த ஊருடா?”

வேனின் பின்சீட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார் போஹூஷ்.

“போர்த்தோ” என்றார் வில்லெம், வண்டியைப் பின்வாசலை ஒட்டி நிறுத்தியபடி.

“இதுக்கு முன்னாடி?”

“வியன்னா.”

“நம்ம தாபோருக்கு எப்பப் போறோம்?”

வில்லெம் இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தார்.

போஹூஷ் பாடகர். வில்லெம் கிடார் வாசிப்பவர், ஓட்டுநர், மூட்டை தூக்குபவர் எல்லாம். செக் நாட்டில், சொந்த ஊரான தாபோரில் ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்த இசைக்குழு. கம்யூனிச ஆட்சி விழுந்து எல்லை திறந்த வருடமே ஒரு ஓட்டை வேனை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பிவிட்டது. திரைகடல் ஓடினார்கள், தேடிய திரவியம் டீசலுக்கே சரியாகப் போனது. குழுவில் இப்போது மிச்சம் இவர்கள் இருவர்தான்.

பெயர்தான் ஐரோப்பா. பாட்டுக்காரனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர். பின்வாசல், குப்பைத் தொட்டி, சமையற்கட்டு, அதைத் தாண்டினால் மேடை. பாடி முடித்தால் மறுபடி வேன். இப்படித்தான் ஒருமுறை கெண்ட் நகரத்து மேடையில் ஏறி, “வணக்கம் ஆன்ட்வெர்ப்!” என்று கத்திவிட்டார் போஹூஷ். பக்கத்து ஊர்ப் பெயரைக் கேட்ட கூட்டம் ஊளையிட்டே அவரை இறக்கிவிட்டது. அன்றிலிருந்து, மைக்கின் காலடியில் ஊர்ப் பெயரைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவைப்பது வில்லெமின் வேலை.

இன்றும் சமையற்கட்டு வழியாகவே நுழைந்தார்கள். பெரிய பாத்திரத்தில் பூண்டு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. போஹூஷ் அங்கேயே நின்றுவிட்டார்.

“போர்த்தோலயும் பூண்டு சூப்பா? வீட்ல யர்மிலா வெச்சா ரொட்டியை நெய்யில வறுத்து மேல போடுவா” என்றவர், அங்கிருந்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். “நான் இன்னைக்குப் பாடலடா. எனக்கு வீட்டுக்குப் போகணும்.”

“ஜனம் வந்து உக்காந்திருக்கு, போஹூஷ்.”

“உக்காரட்டும். ஒவ்வொரு ஊர்லயும் அவ வந்திருப்பாளான்னு கூட்டத்துல தேடறேன். வர்றதே இல்ல. அவ முகத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா உனக்கு?”

வில்லெமுக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் பாடிவிடு, நாளைக்கு வீடுதான் என்று சொல்லிவிட்டு, கிடார் உறையின் பூட்டைத் திறப்பதில் மும்முரமாகிவிட்டார். போஹூஷ், இந்தப் பேச்சைத்தான் வியன்னாவிலும் கேட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

மேடை ஏறியதும் ஆளே மாறிப்போனார். குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, “போவா நோய்த்து, போர்த்தோ!” என்று போர்த்துகீசிய மொழியில் மாலை வணக்கம் சொல்லிக் கையை விரித்தார். முன்வரிசையில் கைத்தடியோடு இருந்த ஒருவர் களுக்கென்று சிரித்தார். பக்கத்திலிருந்தவர் இடித்ததும் பலமாகக் கைதட்டினார்.

“நம்ம ரசிகர்களும் நம்ம கூடவே கிழடாகிட்டாங்கடா” என்று வில்லெமின் காதைக் கடித்தார் போஹூஷ்.

கடைசிப் பாட்டு, யர்மிலாவைக் காதலித்த காலத்தில் அவரே கட்டியது. நடுங்காத குரலில் பாடினார். வரிகளில் ஒன்றுகூட மறக்கவில்லை. முடித்ததும் கூட்டம் முழுக்க ஒருமுறை கண்ணால் தேடினார். பிறகு மெதுவாக இறங்கிவந்தார்.

கையெழுத்து வாங்க வந்தவர்களில் கடைசியாக நின்றது ஒரு நரைத்த பெண்மணி. மூலை மடங்கிய பழைய இசைத்தட்டு உறை ஒன்றை நீட்டினார்.

“என்ன பேர் போடணும்?”

“பேர் வேண்டாம். உங்க கையெழுத்து போதும்.” உறையைத் திரும்ப வாங்கியவர் நகரவில்லை. “கடைசியாப் பாடினீங்களே, அது யாருக்கு?”

“என் வீட்டுக்காரிக்கு. ஊர்ல இருக்கா.”

“எப்படி இருப்பாங்க?”

போஹூஷின் முகம் மலர்ந்தது. “கறுகறுன்னு முடி, இடுப்பு வரைக்கும். கோவம் மூக்கு மேல. ஆனா நான் வண்டியில ஏறினா மட்டும் கதவைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டா.”

அந்தப் பெண்மணி கழுத்தோடு கத்தரித்திருந்த தன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். “இன்னும் காத்துக்கிட்டிருப்பாங்களா?”

“கண்டிப்பா. நாளைக்குப் போயிடுவேன். உங்களுக்கு ஏன் கண்ணு கலங்குது? பாட்டு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார் அவர்.

அதற்குள் வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி வந்து, அறைக்குப் போகலாம் என்று போஹூஷின் கையைப் பிடித்தாள். இந்த ஓட்டலில் கவனிப்பு பரவாயில்லை என்று வில்லெமிடம் சொல்லிவிட்டு, அவளோடு மாடிப்படி ஏறினார் அவர்.

காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, வில்லெம் குனிந்து காகிதத்தை உரித்தெடுத்தார். அவரைச் சுற்றி, மாலையில் வேன் கிளம்பி நாலு தெரு சுற்றித் திரும்பிய அதே தாபோர் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஓரங்கட்டிய மேசைகளை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த வாரம் நம்ம ஊர் பேரையே எழுதி ஒட்டு, வில்லெம்” என்றார் யர்மிலா, இசைத்தட்டு உறையை மார்போடு அணைத்தபடி. “ஒரு தடவையாவது அவர் வீட்டுக்கு வந்து சேரட்டும்.”