பெட்டி கேட்ட கடைசி வார்த்தை

“டிஸ்க் நல்லா இருக்கு, மெமரியும் நல்லா இருக்கு. அப்படியும் பெட்டி எழுந்திரிக்க மாட்டேங்குதுன்னா, அது யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்கு சார்.”

“யாருக்கும்மா? வீட்ல நான் ஒருத்தன்தான்,” என்றார் செங்குட்டுவன்.

பெர்னதெத் சிரித்துக்கொண்டாள். ஓசூரில் அவள் கைபட்டு எழாத கணினி கிடையாது. வீட்டுப் பேச்சைக் கேட்டே வளரும் இந்தப் புது ரகப் பெட்டிகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு ஆள் ஒருவர் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனால், அவர் வரும்வரை கருப்புத் திரையோடு நின்றுவிடும்.

அணைவதற்கு முன் கடைசியாக அது கேட்டதை ஒலிக்கவிட்டாள். கதவு திறக்கும் ஓசை. பிறகு தணிந்த பெண்குரல்: “சரி, வரேன்.”

செங்குட்டுவனின் முகம் மாறியது. “என் சம்சாரம். சண்டை போட்டுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளேன்னுதான் நானும் வீம்பா கூப்பிடல.”

“கிளம்புற எல்லாரும் சொல்றதுதான் சார். பெட்டி அதை நெஜம்னு நம்பிடுச்சு. அவங்க வரமாட்டாங்கன்னு உங்க வாயால சொல்லுங்க, உடனே எழுந்துடும்.” மைக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் அதைத் தொடவில்லை. கைப்பேசியை எடுத்தார்.

“வெண்ணிலா, நீ வரேன்னு சொன்னது என் காதுல விழல. பெட்டிக்குக் கேட்டிருக்கு. இப்போ எழுந்திரிக்கவே மாட்டேங்குது. ரிப்பேர் பாக்க வந்த பொண்ணாலயும் முடியலையாம்.”

பெர்னதெத் மறுத்துச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

“நீயே வந்து எழுப்பி விடேன்.”