ஒன்றும் விடாமல்

ஆவடி பயிற்சி மையத்தில் சபீனாவுக்கு அன்று பரீட்சை. தேறினால்தான் வேலை. பயிற்சியாளர் தணிகைவேல் எதிரே வந்து உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்த தேன்மொழியின் கையை மேஜைக்கடியில் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசமா இன்னாம்மா கத்துக்கினே? டெய்லி லேட்டு. கேட்டா, கொரட்டூர்ல ட்ரெய்ன் நின்னுடிச்சுன்னு ஒரு கதை."

சபீனா மேஜைக்கடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நேத்து க்ளாஸ்ல தூங்கிட்டே. குறட்டை வேற! உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?"

சபீனாவுக்குக் காதெல்லாம் சூடேறியது.

தேன்மொழிதான் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

தணிகைவேல் திட்டுவதை நிறுத்தினார். "குறட்டையையுமா சொன்னே?"

"சொன்னேன் சார். சுத்தி நடக்கிறது எதையும் மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

தேன்மொழிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது; அவளைப் போன்றவர்களுக்குச் சுற்றி நடப்பதைக் கையில் எழுதிச் சொல்வதுதான் சபீனா கற்ற வேலை. அவள் உள்ளங்கையில் சபீனாவின் விரல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

"அதான்மா பரீட்சையே! போன பேட்ச்ல எல்லாத்தையும் சொன்னாங்க. நான் அவங்கள திட்டினதை மட்டும் முழுங்கிட்டாங்க. நீ பாஸ்!"

தேன்மொழி துழாவி அவர் கையைப் பிடித்து ஏதோ எழுதினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சார்... சட்டையில... சட்னியாமே?"

குனிந்து பார்த்தார். பாக்கெட் ஓரத்தில் தேங்காய்ச் சட்னி.

"இதையாவது நீ விட்டிருக்கலாம்ல?" என்றார் சபீனாவிடம்.

சபீனாவின் விரல் நகர்ந்தது. தேன்மொழி மறுபடியும் சிரித்தாள்.