செண்பகவல்லி தூக்கிய எடை

அறுபது கிலோவைச் சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டுத்தான் செண்பகவல்லி அந்த ஜிம்மில் சேர்ந்தாள். இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றாள். எதைத் தூக்கி என்று சொல்லவில்லை. முதுகை வளைக்காமல், கம்பியைக் காலோடு ஒட்டிவைத்து, தொடை பலத்தில் எழுவதற்குப் பயிற்சியாளர் ஜெரால்டு பழக்கினான். இரண்டே மாதத்தில் அறுபதைப் பிசகில்லாமல் தூக்கினாள். எடையைக் கூட்டப்போனவனைத் தடுத்தாள்.

“அம்பதாக் கொறைங்க தம்பி.”

அடுத்த மாதம், நாற்பது போதும் என்றாள்.

“எல்லாரும் ஏத்தத்தான் சொல்லுவாங்கக்கா. நீங்க எறக்கிட்டே போறீங்களே?”

“எங்க வீட்டுக்காரரு இப்ப அவ்வளவுதான் இருக்காரு. கட்டில்லேருந்து நாந்தானே தூக்கணும்.”

கழற்றிய இரும்புத் தட்டை ஜெரால்டு ஓரமாக வைத்தான். அவள் குனிந்து கம்பியைத் தூக்கினாள். பிறகு சத்தமே எழாமல் தரையில் இறக்கினாள்.