வேடியப்பனுக்கு ஒரு பத்திரிகை

2013 ஆகஸ்டில், தருமபுரி மாவட்டம் கரடிக்குட்டை ஏரிக்கரையில் இருந்த நடுகல் ஒன்று சென்னையிலுள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அந்தக் கல்லின் முன்னால்தான் அவள் நின்றிருந்தாள். கையில் மகளின் கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் மஞ்சள்.

அவர்கள் வீட்டுக்கு அது கல் அல்ல, வேடியப்பன். முதல் பத்திரிகை அவர் காலடியில். அதன் பிறகுதான் தாய்மாமனுக்கே.

வேடியப்பன் ஊரைவிட்டுப் போன பிறகு வருகிற முதல் கல்யாணம். மாசி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. வேறு ஒரு பத்திரிகைகூட இன்னும் வாசல் தாண்டவில்லை.

தேங்காயும் கற்பூரமும் பையோடு நுழைவாயிலிலேயே நின்றுவிட்டன. செருப்பை அவளே கூடத்துக்கு வெளியே விட்டு வந்திருந்தாள்.

“யம்மா, செருப்ப மாட்டிக்கினு வா. இது இன்னா கோயிலா?” என்றார் காவலர்.

“இதை மட்டும் வெச்சுட்டுப் போயிடறேன் சார். ஒரே நிமிசம்.”

“கயித்துக்கு அந்தாண்ட எதுவும் வைக்கக்கூடாது. இன்னிக்குப் பத்திரிகை வைப்பீங்க, நாளைக்கு வந்து பொங்க வைப்பீங்க.”

வேடியப்பன் வில்லோடு நின்றார். எண்ணெய் காணாத உடம்பு வெளுத்திருந்தது. தலைக்கு மேல் டியூப்லைட்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ஒருவன் கூடத்து மூலையில் இருந்த பழைய பீரங்கி மேல் ஏறினான். காவலர் கத்திக்கொண்டே அந்தப் பக்கம் ஓடினார்.

அவள் சட்டென்று குனிந்தாள். கயிற்றுக்கு அடியில் கையை நீட்டித் தள்ளினாள். பத்திரிகை வேடியப்பன் காலில் போய் முட்டியது.

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகளின் பெயரைச் சொன்னாள். வெளியே வந்துவிட்டாள்.

வாசல் மரத்தடியில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

“வெச்சாச்சுடா. காலையில அடுத்த பத்திரிகை உனக்குத்தான். தாய்மாமன் முறுக்கெல்லாம் அப்ப காட்டு.”

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். பள்ளிக்கூடத்து டீச்சர். மூச்சு வாங்கியது.

“அக்கா, இது உங்களுதுதானே? கையில வெச்சிருந்ததப் பார்த்தேன். கீழ போட்டுட்டு வந்துட்டீங்களே! நல்லவேளை, பசங்க மிதிக்கிறதுக்குள்ள எடுத்துட்டேன்.”

டீச்சர் பத்திரிகையை அவள் கையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். “பொண்ணு கல்யாணமா? சந்தோசம்க்கா.”

அவளும் தலையை ஆட்டினாள்.

போனில் தம்பி, “ஹலோ, அக்கா, ஹலோ” என்றுகொண்டிருந்தான்.

டிக்கெட் கொடுக்கும் சன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை.