கைப்பிடியில் ஓர் ஓட்டை

கடைக்குள் சாய்ந்து விழும் காலை வெயிலில் மடக்குக்கத்தியின் அலகு பளபளக்கிறது. "முடியையே ரெண்டாப் பிளக்கும்மா!" கடைக்காரர் புகழ்ந்து மாளவில்லை. உயரத்தில் ஏறிப் பெயர்ப்பலகை மாட்டும் தன் வேலைக்குக் கத்தி வாங்க வந்த அவளோ அலகைத் திரும்பியும் பார்க்காமல், கத்தியோடு கடை ஏணியில் விறுவிறுவென்று ஏறுகிறாள். வலது கை ஏணியைப் பிடித்திருக்க, கையுறை போட்ட இடது கட்டைவிரல் தள்ளியதும் கத்தி டிக்கென்று திறக்கிறது, டக்கென்று மூடுகிறது. "ஏங்க, ஒத்தக் கையில மூடுதுங்க! அதுவும் இடது கையில!" கீழே ஏணியைப் பிடித்திருக்கும் கணவன் தலையை இன்னும் உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறான். போன மாதம் அவள் நழுவவிட்ட பழைய கத்தி அவன் காதோரமாகத்தான் இறங்கியது. ஏணியை முழங்கையால் அணைத்துக்கொண்டு, கைப்பிடி நுனியிலிருக்கும் சின்ன ஓட்டையில் ஒரு முழக் கயிற்றைக் கோத்து, மறுமுனையை மணிக்கட்டில் முடிச்சிடுகிறாள் அவள். "விடப்போறேன்!" சொல்லி வாய் மூடவில்லை, விட்டேவிட்டாள். மூடிய கத்தி அவன் வழுக்கைக்கு ஒரு சாண் மேலே வெடுக்கென்று நின்று, மெல்லச் சுழல்கிறது. அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து மேலே பார்க்கிறான். "இதையே எடுத்துக்கோ," என்கிறான். "கயிறு மட்டும் ரெண்டாக் கட்டிக்கோ."