விடுதலைப் பத்திரம்

அப்பா வீட்டில் தனக்குள்ள பங்கை அண்ணன் பெயருக்கு விட்டுக்கொடுக்கப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்தாள் பிலோமினா. கையெழுத்துப் போட மறுத்தால் அவளும் மகளும் இன்றைக்கே அந்த வீட்டின் பின்னறையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆட்டோவிலேயே சொல்லிவிட்டான் அண்ணன் சேவியர்.

"முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் கொடுக்கிறியாம்மா?" என்று கேட்டார் சார்பதிவாளர் அம்மா.

"அவளுக்குச் சம்மதந்தான் மேடம்." சேவியரின் கை அவள் தோளில் அழுந்தியது.

"உங்களைக் கேக்கல. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவன் போனான். கதவு பாதிதான் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்டது.

"இப்பச் சொல்லும்மா. யாராவது மிரட்டினாங்களா?"

பிலோமினா எழுந்துபோய்க் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.