நாலு விரல் ஆழம்

நகராட்சிக் கூடத்தின் மூன்றாவது வரிசையில் ஜீப் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காத்தண்ணன்.

சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை மணலில் இறங்குமுன் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிடுவார். ஒரு நாளும் அவர் வண்டி புதைந்ததில்லை. அதனால் வந்த பெயர். "என் வண்டி மணலைக் கிழிக்காது, தடவிக்கிட்டுப் போகும்" என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்டவர்.

முன்னால் மைக் பிடித்து நின்றவள் அவருடைய மகள். கரையில் ஆமை முட்டைகளைக் காக்கிற வேலை அவளுக்கு. இனிமேல் எந்த வண்டியும் மணலில் இறங்கக் கூடாது என்று தடை கேட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். தடை வந்தால் அப்பாவின் பிழைப்பும் சேர்ந்தே போகும்.

"பெத்து வளர்த்ததுக்கு நம்ம வயித்துலயே அடிக்கிறா பாருய்யா" என்று பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.

அது காத்தண்ணன் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளையா இது? கையில் துண்டுச்சீட்டுகூட இல்லை, என்ன போடு போடுகிறாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

திரையில் ஒரு படம் வந்தது.

மணலில் டயர் தடம். நாலு விரல் ஆழம்தான். அதற்குள் பத்தொன்பது ஆமைக் குஞ்சுகள். கடல் இருபதடி தூரத்தில் இருந்தது. குஞ்சுகள் மேலே ஏற முடியாமல் தடத்தோடேயே நடந்து நடந்து வெயிலில் காய்ந்து கிடந்தன.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். காத்தண்ணன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகராட்சித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யார் வண்டி இது?"

"எங்க அப்பா வண்டி."

பூசி மெழுகவில்லை. குரலும் நடுங்கவில்லை.

வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. இடித்த முழங்கை தானாக விலகிக்கொண்டது.

"பெத்த அப்பா வண்டியையே படம் பிடிச்சிருக்கியேம்மா" என்றார் தலைவர்.

மகள் அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அவளுக்கும் முகமெல்லாம் பெருமை.

"நான் பிடிக்கல சார். அவர்தான் பிடிச்சு, மறைக்காம இதையே காட்டுன்னு குடுத்தார்."